எண்ணத் தெரியணும்

ஐந்து துண்டாய் இருந்தது கல்யாணம்.
டிவிடியில் ஒரு கீறல்,
உறையில் ஸ்கெட்ச் பேனா எழுத்து: முக்கூடல், 2009.
"வக்கீலய்யா போன்ல ஓட மாட்டேங்குண்ணே.
முந்நூறு எம்பிக்குள்ள கேக்காவ.
வெட்டக் கூடாது, வெட்டினா வெட்டிட்டான்னு சொல்லுவாவ.
சின்னதா ஆக்கணும்.
ஆனா நகை எண்ணத் தெரியணும்."

பாளையங்கோட்டையில் கோர்ட்டுக்குப் போகிற சாலை,
ஜெராக்ஸ் கடைக்கு மேல் மாடி.
முத்துப்பேச்சி பிளாஸ்டிக் ஸ்டூலை
ஃபேனுக்கு அடியில் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.
மடியில் மகனுடைய பழைய ஸ்கூல் பை,
அதற்குள் இருபத்து மூன்று பவுனின் லிஸ்ட்.

முதல் தடவை இறுக்கிப் பிடித்துவிட்டேன்.
நாலே கால் ஜிபி தொண்ணூறு எம்பியாய்ச் சுருண்டது.
கழுத்தில் மஞ்சள் கரைசல்.
ஆரமும் அட்டிகையும்
ஒரே சட்டியில் உருகின மாதிரி.
"இதைக் காட்டினா ஒத்தச் சங்கிலின்னு முடிச்சிருவாவ" என்றாள்.

இந்த மென்பொருள் ஒரு கஞ்சன் என்று சொன்னேன்.
முந்தின படத்தில் இருந்தது இதிலும் இருந்தால்
திரும்ப எழுதாது,
'மேற்படி' என்று போட்டுவிட்டு நகர்ந்துவிடும்.
அசைவதற்குத்தான் பை அவிழ்க்கும்.
மேற்படி என்றதும் தலையாட்டினாள்.
ஒன்பது மாதமாய்ப் பத்திரம் பார்க்கிறவள்.

அந்தக் கணக்கில் அதிகம் தின்றது
வீடியோக்காரர் பறக்கவிட்ட ரோஜா இதழ்கள்.
அப்புறம் இதயத்துக்குள்ளிருந்து எட்டிப் பார்க்கிற மாப்பிள்ளை,
நாலு மூலையிலும் அவரே.
ஒரு கை அட்சதைக்கு ஆன செலவில்
பந்தி முழுவதையும் ஓட்டிவிடலாம்.

பழைய கேமரா வேறு.
ஒற்றைக் கோடு ஒரு தடவை, இரட்டைக் கோடு மறு தடவை;
அசைகிற எதற்கும் விளிம்பில் சீப்புப் பல் முளைக்கும்.
தாலி முடிகிற விரல்கள் பேன்சீப்பாய்த் தெரிந்தன.
அதைக் கோதிச் சமப்படுத்தவே
ஒரு டீ ஆறிப்போனது.

மூன்றாம் துண்டு, பதினெட்டாம் நிமிடம்.
மேடையில் இரண்டு நாற்காலி.
ஆட்கள் வருகிறார்கள், கவர் நீட்டுகிறார்கள்,
கேமராவைப் பார்க்கிறார்கள், போகிறார்கள்.
அவள் அசையவில்லை.
பதினோரு நிமிடம்.
குனிஞ்ச தலை நிமிராதே என்று யாராவது சொல்லியிருக்கலாம்,
மாலைப் பாரமாக இருக்கலாம்,
நான் கேட்கவில்லை.
மேற்படி.
மேற்படி.
மேற்படி.
செலவே வைக்காத முகம்.
மிச்சம் பிடித்ததையெல்லாம் கஞ்சன்
அவள் கழுத்தில் கொண்டுபோய்க் கொட்டினான்.
கல் கல்லாய்த் தெளிந்தது அட்டிகை.

திரையைத் தொடாமல் விரலால் எண்ணினாள்.
"இது எங்கம்மை போட்டது.
இது சீட்டு எடுத்து.
இந்த ரெண்டாவது வடம் கவரிங், லிஸ்ட்ல இல்ல.
நெளிமோதிரம் எங்கண்ணே?"

கை பூச்செண்டுக்குக் கீழே இருந்தது.
தேடினோம்.
இருபத்தேழாம் நிமிடம்
நெற்றி வியர்வையைப் புறங்கையால் துடைக்கிறாள்,
அரை நொடி.
அந்த இடத்தில் மட்டும்
மேற்படி போடாதே, முழுப்படம் வை
என்று கட்டளை எழுதினேன்.

இருநூற்றுத் தொண்ணூற்றாறு எம்பி.
கடைசியாக ஒரு வேலை:
எது எங்கே இருக்கிறதென்கிற அட்டவணை
இந்தக் கோப்புகளின் வாலில் கிடக்கும்.
அதைத் தூக்கித் தலையில் வைத்தால்தான்
முழுசாய் இறங்கும்வரை காத்திராமல்
ஓடத் தொடங்கும்.
கல்யாணத்துக்கும் இப்படி ஒரு வசதி,
என்று வாயெடுத்தவன்
மீதிச் சில்லறையை எண்ணிக் கொடுத்தேன்.
இருபது ரூபாய் குறைக்கச் சொன்னாள். குறைத்தேன்.

லிங்க் அனுப்பி
அவள் ஆறு படி இறங்கியிருப்பாள்,
ஜெராக்ஸ் மிஷின் சத்தத்துக்கு மேலே
நாதஸ்வரம் கேட்டது.
உடனே நின்றது.
செருப்புச் சத்தம் நிற்கவில்லை.