அறை வெப்பநிலை

வெண்ணெய் அறை வெப்பநிலையில் இருக்கட்டும்
என்கிறது செய்முறை.
யாருடைய அறை?
கொளத்தூரில், மே மாதத்தில்,
மொட்டை மாடிக்கு நேர் கீழே இருக்கும் இந்த அறையில்
வெண்ணெய் கால் மணி நேரத்தில் எண்ணெய்.
எழுதியவர் ஊரில் அப்போது பனி பெய்திருக்கும்.

என் திட்டங்களும்
வேறு யாருடைய தட்பவெப்பத்துக்கோ எழுதியவைதான்.
இருபத்தேழில் கல்யாணம், முப்பத்து மூன்றில் ஃபிளாட்,
ஐம்பதில் கடன் முடிந்து கால் நீட்டல்.
நாற்பத்து மூன்றில் தொழிற்சாலையை மூடினார்கள்.
கார்க் கதவுக்கும் உடலுக்கும் உள்ள இடைவெளியை
பதினாறு வருடம் மில்லிமீட்டரில் அளந்தவன் நான்.
வரிசையில் நின்று கையெழுத்துப் போட்டு வாங்கிய பணத்துக்கு
செட்டில்மெண்ட் என்று பெயர்.
எது செட்டில் ஆனது என்று
யாரும் சொல்லவில்லை.

சுடரொளி மதுராந்தகம் பக்கம்
ஒரு மனை பார்த்துவைத்திருந்தாள்.
கிழக்குப் பார்த்த முனை மனை, கிணறு எடுக்கலாம்.
நான் ஓவன் வாங்கிவந்தேன்.
நான்கு பேர் தூக்கினோம்.
படி திரும்பும் இடத்தில் சுவரில் முட்டி
ஒரு கணம் நின்றது அது.
அப்போதுகூடத் திருப்பி அனுப்பியிருக்கலாம்.

சமையல் வேறு.
சாம்பாரில் உப்புக் கூடினால் ஓர் உருளைக்கிழங்கு.
மாவு தளர்ந்தால் ஒரு கை ரவை.
ரசம் புளித்தால் இன்னொரு தம்ளர் தண்ணீர்,
இன்னொரு விருந்தாளி.
இறக்கும்வரை கரண்டி நம் கையில்.
இங்கே கதவைச் சாத்திய பிறகு
கண்ணாடிக்கு வெளியே குந்தியிருப்பதுதான் வேலை.
பேக்கிங் பவுடர் போட மறந்தது
ஞாபகம் வருவதும் அப்போதுதான்.

மூன்றாவது மாதம் ஒரு நிச்சயதார்த்த ஆர்டர், இரண்டு கிலோ.
இருபத்திரண்டாவது நிமிடம் கரண்ட் போனது.
தெரு முழுக்க ஜன்னல்கள் திறக்கும் சத்தம்.
"உங்களுக்கும் இல்லையா?" என்றது எதிர் பால்கனி.
இல்லை என்பதில் எல்லோருக்கும் ஒரு நிம்மதி.
திறந்தால் அமுங்கிவிடும் என்று கதவைத் திறக்கவில்லை.
திறக்காமலே அமுங்கியது.
டார்ச் அடித்துப் பார்த்தேன்:
தூக்கம் வராதவன் தலையணைபோல
நடுவில் மெல்லக் குழிந்துகொண்டிருந்தது.

அந்தக் குழியில் கிரீம் நிரப்பிச் சமன் செய்தேன்.
மேலே இரண்டு பேர் பெயரையும்
சுழித்துச் சுழித்து எழுதினேன்.
கேக் எப்படி என்று அவர்கள் சொல்லவில்லை.
கல்யாணம் நடந்ததா என்று நானும் கேட்கவில்லை.

இப்போது செய்முறைத் தாளின் ஓரத்தில் என் கையெழுத்து:
வெண்ணெய் ஃபிரிட்ஜிலிருந்து நேராக.
ஐப்பசி அடைமழையில் சர்க்கரை பத்து கிராம் குறைவு.
ராத்திரி பத்துக்கு மேல் தெருவே ஏ.சி. போடும், லோ வோல்டேஜ்,
நான்கு நிமிடம் கூடுதல்.
ஓரம் நிரம்பிப் பின்பக்கமும் போய்விட்டது.
அச்சடித்த வரிகளில் மிஞ்சியது
முட்டை எண்ணிக்கை மட்டும்.

பழைய லைனில் பக்கத்தில் நின்ற தேவசகாயம்
ஞாயிற்றுக்கிழமை வந்தான்.
"என்னப்பா, செட்டில் ஆயிட்டியா?"
அப்போது கையில் ஈர்க்குச்சி இருந்தது.
நடுவில் குத்தி எடுத்தேன், நுனியில் பிசுக்கு.
"இன்னும் அஞ்சு நிமிஷம்" என்றேன்.
கேக்கைச் சொல்கிறேன் என்று நினைத்து
உட்கார்ந்துவிட்டான்.

அவன் போன பிறகு கேக்கின் மேட்டைச் சீவினேன்.
சீவல்களை நின்றபடியே தின்றாள் சுடரொளி.
"அந்த முனை மனை வித்துடுச்சாம்,"
விலையும் சொன்னாள்.
நான் கத்தியைத் துடைத்தேன்.
துடைத்த கத்தியை மறுபடி துடைத்தேன்.
இன்னொரு துண்டு வாயில் போட்டு
கண்ணை மூடி மென்றாள்.
"இதுல ஏலக்காய் போட்டிருக்கியா?"
"இல்ல."
"போடு."