தேறிய நீர்

சாயப்பட்டறையின் பின்வாசலில்
ஐந்து லிட்டர் கேனை நீட்டினேன்.
சூசையம்மா நிரப்பித் தந்தாள்
அரக்கு நிறத்தில், இளஞ்சூட்டில்.
"பாத்துப் புடிங்க, சேலையில சிந்துனா
சேலைக்குத்தான் லாபம்."

தேவகோட்டையிலிருந்து வரும் பேருந்து
அமராவதிபுதூர் தாண்டும்வரை
கேன் என் மடியில் இருந்தது.
பக்கத்து இருக்கைக்காரர் எட்டிப் பார்த்தார்.
"மாதிரி" என்றேன்.
"எது மாதிரி?" என்றார்.

தேற்றாங்கொட்டை லேசில் பொடியாகாது.
இரண்டு மிக்ஸி பிளேடு மழுங்கியாயிற்று.
வேதியியல் துறைக்கு மிக்ஸி எதற்கு
என்று ரசீதைத் திருப்பி அனுப்பினார்கள்.
ஹிதாயா மாற்றி எழுதினாள்:
துகள்நுண்மையாக்கி, ஒன்று.
மறுநாளே கையெழுத்தாகி வந்தது.

ஆறு பீக்கர். ஆறு துடுப்பு.
வேகமாக இரண்டு நிமிடம்,
மெதுவாக இருபது.
பிறகு சும்மா இருக்க வேண்டும்.
ஆய்வில் எனக்குக் கைவராத பகுதி அது.

கொட்டை மட்டும் போட்டால் முப்பத்தொரு சதவீதம்.
முருங்கை விதையை உப்புநீரில் ஊறவைத்து
அந்தச் சாற்றையும் சேர்த்த நாளில்
மூன்றாம் பீக்கரில்
சிவப்பு பூப்பூவாகத் திரண்டது,
திரண்டு, அவசரமே இல்லாமல்
இறங்க ஆரம்பித்தது.
ஐந்நூற்று நாற்பது நானோமீட்டரில்
பிரான்மலை போல் நின்றிருந்த வளைவு
வண்டிப்பாதை மேடானது.
எண்பத்தெட்டு!
பீக்கருக்குப் பின்னால் செய்தித்தாளைப் பிடித்து
இரங்கல் விளம்பரத்தில்
பேரன் பேத்திகள் பெயர்வரை படித்தாள் ஹிதாயா.

தண்ணீர் தேறியது என்கிறோம்.
பரீட்சையில் தேறினாள் என்கிறோம்.
காய்ச்சலில் கிடந்தவன் தேறிவிட்டான் என்கிறோம்.
ஒரே சொல்லை மூன்று பேருக்குப் பங்கிட்ட மொழி
தேறியது போல் இருப்பதற்கு
ஏன் ஒன்றும் வைக்கவில்லை?

உப்பு அப்படியே இருந்தது.
நூலில் சாயம் பிடிக்கட்டும் என்று
லிட்டருக்கு அறுபது கிராம் கணக்கில் கொட்டியது.
நிறமில்லை, மணமில்லை,
எந்த விதைக்கும் அது அசையவில்லை.
மின்கடத்து மானியை முக்கினால் மட்டும்
எண்கள் எகிறின.

மூன்றாம் வாரம் சேவுகப்பெருமாள் வந்தார்,
பட்டறை முதலாளி.
சட்டைப்பையில் மாசுக்கட்டுப்பாட்டு வாரியத்தின்
இரண்டு நோட்டீஸ்.
சனிக்கிழமை பதினேழு பேருக்குக் கூலி.
பீக்கரை ஜன்னல் வெளிச்சத்துக்குத் தூக்கினார்,
கல்யாணத்துக்கு வைரம் பார்ப்பவர் போல.
"நல்லாத் தெளிஞ்சிருச்சே.
ஊருணிப் பக்கம் விட்டுறலாம்ல?
லெட்டர்பேடுல ஒத்த வரி போதும்."

இரண்டு வரி எழுதினேன்.
நிறம்: எண்பத்தெட்டு சதவீதம் நீங்கியது.
கரைந்த உப்பு: நீங்கவில்லை,
எங்கள் விதைச்சாற்றால் சற்றுக் கூடியிருக்கிறது.

முதல் வரியை இரண்டு முறை படித்தார்.
இரண்டாவதைக் கட்டைவிரலால் மறைத்து
இன்னொரு முறை.
பிறகு விரலை எடுத்துவிட்டு,
காபி வேண்டாம் என்று எழுந்தார்.
நான் காபி தருவதாகச் சொல்லவே இல்லை.

அவர் போனதும் கழுவுதொட்டிக்கு அடியில்
கதவைத் திறந்து பார்த்தேன்.
வண்டல் பாட்டில்கள், நாற்பத்தொன்று,
தேதி ஒட்டி, மூடி இறுக்கி.
நீங்கியது என்று எழுதினேனே, அந்த நிறம்
இங்கேதான் குடியிருக்கிறது.
ஆய்வேட்டில் இதற்கு அத்தியாயம் கிடையாது.
வழிகாட்டி கேட்டால்
அடுத்தகட்ட ஆய்வு என்போம்.

சாயங்காலம் சூசையம்மா போன் செய்தாள்.
"இன்னைக்கு மஞ்சள் ஓடுது.
புடிச்சு வைக்கட்டா?"

வைக்கச் சொன்னேன்.
பழைய கேனைக் கழுவினேன்.
கழுவிய தண்ணீர் தொட்டித் துளைக்குப் போகுமுன்
ஒரு பாட்டிலை அடியில் கொடுத்தேன்.
நாற்பத்திரண்டு.