ஏணி பிடிக்க

மில்யாராய் முதலில் போட்டது
நீளமான பதிவு.
கலை, நகரம், நாம், கனவு.
நானூறு பேர் இதயம் போட்டோம்.
வால்பராய்சோவின் அந்தச் செங்குத்துப் படிக்கட்டில்
ஒருவரும் ஏறவில்லை,
நான் உட்பட.

வியாழன் இரவு
படம்கூட இல்லாமல் இன்னொன்று:
"சுவர் இருக்கிறது. நீலம் அரை வாளி.
ஏணி ஆடுகிறது.
எனக்கு உயரம் என்றால் பயம்.
பிடிக்க ஆள் வேண்டும்."

பதினோரு விருப்பம்தான்.
கீழே ஒருவர் கேட்டிருந்தார்:
எந்தக் கால் ஆடுகிறது?

சனிக்கிழமை போனேன்.
கேட்டவர் எனக்கு முன்பே வந்து
இடது காலுக்கடியில்
மடித்த அட்டையைச் செருகிக்கொண்டிருந்தார்.
துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறாராம், ஒஸ்வால்தோ.
மேலே மில்யாராய்
கண்ணை இறுக மூடியபடி
தூரிகை கேட்டாள்.

கைபேசி பையில் அதிர்ந்தது.
எனக்கு இரண்டு கையும்
ஏணியில்.