பின்னிணைப்பு நான்கு

காங்கயத்துச் சித்திரை வெயிலில்
இரண்டு புத்தகம் எழுதிய கையால்
ஒரு தகரப் பெட்டியைத் திறந்தேன்.
பாச்சை உருண்டை வாசம்.
பக்கத்தில் பொங்கியண்ணன்.
கொப்பரைக் களம் மூன்று, எண்ணெய் மில் ஒன்று,
ஆவணியில் மகளுக்குக் கலியாணம்.
தாம்பூலப் பையில் போட்டுத் தர
நூற்றிருபது பக்கத்தில் குடும்ப வரலாறு.
முன்பணம் வாங்கிவிட்டேன்.

முதல் புத்தகம் புலவர் விகிர்தலிங்கம்.
ஒற்றுப் பிழை இருந்ததென்று
தங்கை மகன் கலியாணப் பத்திரிகையைத்
திருப்பி அனுப்பியவர்.
இதே ஊர்த் தபால் ஆபீசில் உத்தியோகம்.
ஆறாம் அத்தியாயத்தில் எழுதியிருக்கிறேன்:
"ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதினாறு தொடங்கி
மூன்றாண்டு அவர் ஏதும் எழுதவில்லை."
காரணம் கிடைக்காத இடத்தில்
மௌனம் என்று போடுவது
எங்கள் தொழிலில் வழக்கம்.

அடுத்தது பட்டாளம்.
மெசபடோமியாவுக்குக் கப்பலேறி
துப்பாக்கியைவிட மண்வெட்டி அதிகம் பிடித்த
கொங்குச் சிப்பாய்கள்.
பின்னிணைப்பு நான்கில், பொடி எழுத்தில்,
முந்நூற்றுப் பதினொரு பெயர்.
சடையப்பன், வயிற்றுக்கடுப்பு, பஸ்ரா.
அச்சில் சடையன் என்று விழுந்துவிட்டது.

"குண்டடி பட்டுச் செத்தாருங்க எங்க பெரியவர்"
என்றார் பொங்கியண்ணன்.
தலையாட்டி வைத்தேன்.

ஒரு பதக்கம். அரபு எழுத்து தேய்ந்த காசு.
செத்தவன் சாமானோடு திரும்பி வந்த
கடிதங்கள் முப்பத்தெட்டு.
"அவுரு சம்சாரம் பாவாத்தா எழுதுனதுங்க.
அந்தக் காலத்துலயே எங்கூட்டுப் பொம்பளைக்கு
எழுத்துத் தெரியும்.
அதைப் பெருசாப் போடோணும்."

நான் பார்த்தது ழகரத்தை.
வால் சுழித்து மேலேறி
அடுத்த எழுத்தைக் கொக்கி போட்டு இழுக்கும் ழகரம்.
பூதக்கண்ணாடி வைத்துப்
பதினொரு வருஷம் நான் குடித்தனம் செய்த ழகரம்.

'மழை பேயல. கெணத்துல ரண்டு முழந் தண்ணி.
எருமை கெடாக்கன்னு போட்டுருச்சு.
உன்ற தம்பி வரப்புல கல்லை நகத்தி நட்டுட்டான்.'

ஒற்றுக்காக உறவை முறித்த மனுஷன்
ஒரு சொல்லைத் திருத்தவில்லை.

ஒன்பதாவது கடிதம், பதினேழு, புரட்டாசி:
'கம்பு கருது வாங்கீருச்சு.
ஒத்தையில நின்னு குருவி ஓட்டறேன்.
கத்தறது உன்ற காதுல உளுகுதா?'

உட்கார்ந்துவிட்டேன்.
கடல்தாண்டிக் கேட்குமோ குருவி கடியும் குரல்.
புலவர் பெயர் இன்று நிற்பதே
இந்த ஒற்றை வரியின் காலில்தான்.
தினைப்புனம் காத்த சங்கத் தலைவியரின்
நேர் வாரிசென்று
இரண்டரைப் பக்கம் நான் வியந்த வரி.
பாட்டு அச்சேறியது இருபத்திரண்டில்.

ஒவ்வொரு கடிதத்தின் அடியிலும்
கருநீலத்தில் ஒரு கறை.
"மை சிந்தீருச்சு போலிருக்குதுங்க" என்றார்.
சன்னல் பக்கம் சாய்த்துப் பிடித்தேன்.
கறைக்குள் வளைந்து வளைந்து
ஏர் ஓட்டின சால்.
கட்டைவிரல்.
முப்பத்தெட்டு தடவை.

சொன்னேன்.
களத்தில் கொப்பரை புரட்டிப் போடும் பெண்களை
வெகு நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.
"கைநாட்டுன்னு போட்றாதீங்க.
சம்பந்தி வீட்டுக்காரங்க படிப்பாங்க."
பிறகு,
"அந்தப் பாட்டு எங்கம்மா பள்ளிக்கூடத்துல படிச்சதுங்களே...
அப்ப அது எங்குளுதுங்களா?"

வந்த விலைக்கு வக்கீல் வைப்பார் போலிருந்தது.
மோர் கொடுத்தார்கள், குடித்தேன்.

ராத்திரி சிவப்புப் பேனாவை எடுத்து
'ஏதும் எழுதவில்லை'யை அடித்தேன்.
சடையனுக்கு அவன் 'ப்ப'வைத் திருப்பிக் கொடுத்தேன்.
இரண்டரைப் பக்கத்தின் மேல்
பேனா நின்றது, அப்படியே இருக்கிறது.

உளுகுதா என்று கேட்டாளே,
பஸ்ராவிலிருந்து அவன் என்ன சொன்னான்?
எவனோ ஒரு கூடாரத்துத் தோழன் எழுதியிருப்பான்.
தபால் ஆபீஸ் வேப்பமரத்தடியில்
புலவர்தான் அவளுக்கு வாசித்திருப்பார்.
அந்தக் கடிதங்கள் எந்த வீட்டில் என்று
இத்தனை வருஷத்தில்
ஒரு ஆளிடமும் நான் கேட்டதில்லை.