புல எண் 118/3பி

வெயிலில் திரை தெரியாது.
கையால் மறைத்தால்
முதலில் என் முகம், அதற்குப் பின்னால்
பயிர்ப் பட்டியல்.

புல எண் ஒன்றுக்குப் பதினெட்டு ரூபாய்.
மேல்பட்டாம்பாக்கத்துக்குக் கிழக்கே
கெடிலக்கரை ஓரமாய்
நூற்றுப் பதினேழு வரைக்கும் சுலபம்:
கரும்பு, கரும்பு, கரும்பு.
ஒரே ரகம். ஒரே உயரம்.
ஆலைக்காரன் சொன்ன வாரத்தில் நட்டு
ஆலைக்காரன் சொல்லும் வாரத்துக்காகக் காத்திருப்பது.
செயலி நகரச் சொன்னதால் நகர்ந்தேன்.
இல்லாவிட்டால்
நின்ற இடத்தில் திரும்பியே எல்லாப் படத்தையும் எடுத்திருப்பேன்.

118/3பி. நாற்பத்திரண்டு சென்ட்.
பட்டாதாரர் அஞ்சலாட்சி, கத்தரிக்குள் குனிந்திருந்தார்.

"என்ன பயிர்க்கா?"
"எதக் கேக்கற?"

கத்தரி. ஊடே கொத்தவரை.
அது வாங்கின நிழலில் மஞ்சள்.
தண்ணி தேங்குகிற மூலையில் சேம்பு.
தட்டைப்பயறு, வெள்ளரி, வேலியெல்லாம் அவரை,
பூச்சிக்குக் காவலாய் வரப்பில் ஆமணக்கு,
"பூச்சிக்கும் சரி, பொங்கலுக்கும் சரி" என்று செண்டுப்பூ,
செடிமுருங்கை, அகத்தி.
பதினொன்று. இரண்டு தரம் எண்ணினேன்.

"இயற்கை விவசாயமாக்கா?"
"யூரியா ஒரு கை போட்டேன், பொய் எதுக்கு.
மூட்டை வாங்கக் காசில்ல. அதுக்குப் பேரு
இயற்கைன்னா வச்சுக்க."

செயலி ஒரு பயிர்தான் கேட்டது.
கத்தரி என்றால் பரப்பு போதாது என்றது.
மஞ்சள் என்றால் படம் பொருந்தவில்லை என்றது.
'இதர' என்றால்
மேலதிகாரி ஒப்புதல் வேண்டும் என்றது.
சார்ஜ் நாலு சதவீதம்.
விரலுக்குப் பக்கத்தில் ஒரு சொல் இருந்தது.
பச்சையாய் எரிந்தது 'சமர்ப்பிக்கப்பட்டது'.

கார்த்திகையில் கெடிலம் உள்ளே வந்தது.
மூன்று நாள் நின்றது.
சாய்ந்த கரும்புக்கு நிவாரணம் வந்தது.
கோதண்டபாணி கணக்கில் விழுந்த அன்றே
உரக்கடை நோட்டில் அவர் பெயருக்கு நேரே
கோடு அடித்தார்கள்.
ஆலைப் பாக்கி மட்டும் அப்படியே இருந்தது.

118/3பி-க்கு வரவில்லை.
தாலுகா ஆபீசில் அவருக்குப் படித்துக் காட்டினார்களாம்:
தரிசு.

மஞ்சள் அழுகிப்போனது. வளையல் அடகுக்குப் போனது.
சேம்பு மட்டும்
தண்ணீரைக் குடித்துக் கொழுத்திருந்தது.
வடிந்த வண்டலில் முளைக்கீரை விதைத்து
இருபத்தி மூன்றாம் நாள் கட்டு கட்டி
கடலூர் பஸ்ஸில் ஏற்றியிருக்கிறார்.
கீரை வட்டியைக் கட்டியது.
வளையலை இன்னும் மீட்கவில்லை.

தை மாசம் மறுபடி போனேன்.
அவருக்குத் தெரியுமா,
அந்தச் சொல்லைத் தொட்டது யாரென்று?
கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.
"செயலிய மாத்திட்டாங்கக்கா,
இப்ப ரெண்டு பயிர் போடலாம்" என்றேன்,
ஏதோ நானே வாங்கி வந்தது மாதிரி.

களைக்கொத்தை நிறுத்தாமல் கேட்டார்:
"மிச்சம் ஒம்பதையும் புடுங்கிடட்டுமா?"

வெயில். திரையில் என் முகம்.
"இங்கிட்டு வந்து பாரு, தெரியும்" என்றார்.
தள்ளி நின்றேன்.
தண்ணியில் நின்று பிழைத்த ஒற்றை அகத்தி,
தலை மட்டும் துளிர்த்திருந்தது.
அந்தச் சின்ன நிழலுக்குள்
எழுத்து ஒவ்வொன்றும் துலங்க
பட்டியலை மேலிருந்து கீழே தள்ளுகிறேன்.
அகரத்தில்
அகத்தி இல்லை.