மூன்றாவது நட்டு

பத்து நாளாய் எஞ்சினில் ஏதோ தட்டுகிறது என்றாள் ஜெசிந்தா.
ரோடு அப்படி என்றேன்.
ஏலக்காய் எடுக்கப் போகும் பதினோரு பேரில்
காமுத்தாய் மட்டும் தகரத்தில் காதை வைத்து
"உள்ள யாரோ கதவத் தட்டுற மாதிரி இருக்குண்ணே" என்றாள்.
குமுளி ஏற்றத்தில் இரண்டாம் கியரைப் போட்டுப்
பேச்சை மாற்றினேன்.

போன தையில் கம்பத்து டாக்டர்
கட்டம் போட்ட தாளில் ஒரு கோடு வரைந்து காட்டினார்.
கொஞ்ச தூரம் நேராகப் போய்ச்
சட்டெனக் கீழே விழுந்தது,
லோயர் கேம்ப்பில் மலையை விட்டிறங்கும்
கரண்டு ஆபீஸ் குழாய் மாதிரி.
மெல்லிய சத்தமெல்லாம் அந்தச் சரிவோடு போயிற்றாம்.
இருபத்தாறு வருஷம், ஒரே டீசல் எஞ்சின்.
தாளை மடித்து
எஃப்.சி. காகிதங்களுக்கு அடியில் வைத்துவிட்டேன்.

ஞாயிறு டிரிப் இல்லை.
கூடலூர் வீட்டுச் சந்தில் கமாண்டரை நிறுத்தி
சக்கரத்துக்குக் கல் கொடுத்தேன்.
கண்ணும் கையும் போதுமான வேலைகளை
முதலில் முடித்தேன்:
டிப்ஸ்டிக்கைத் துடைத்துப் பார்த்தேன், கறுப்புதான், பால் கலக்கவில்லை.
ஃபில்டர் அடியில் தேங்கிய தண்ணீரை இறக்கினேன்.
ஷாஃப்ட் கிராஸில் பழைய கிரீஸ் பிதுங்கும் வரை
புதியதை அடித்தேன்.
துருப்பிடித்த நாலு வீல் லீவரை
டீசல் ஊற்றி ஆட்டி ஆட்டி
ஒரு மணி நேரம் வீணாக்கினேன்.
அதற்கும் தட்டலுக்கும் சம்பந்தமில்லை.
தெரிந்துதான் செய்தேன்.

ஸ்க்ரூ டிரைவர் நுனியை எஞ்சினில் ஊன்றி
பிடியைக் காதோரம் அழுத்தினேன்.
நாலு சிலிண்டரும்
ஒரே மாதிரிப் பொய் சொல்லின.

"இங்க கொஞ்சம் வா."
புட்டு மாவு ஒட்டிய கையோடு வந்தாள்.
"சத்தம் நின்னா கையத் தூக்கு."
ஏன் என்று கேட்கவில்லை.

பதினேழாம் நம்பர் ஸ்பேனர், ஒரு பழைய துணி.
முதல் இன்ஜெக்டர் நட்டை அரைச் சுற்றுத் தளர்த்தினேன்.
துணிக்குள் டீசல் துப்பியது,
வண்டி நொண்டியது, பானட் நடுங்கியது.
அவள் கை கீழேயே இருந்தது.
இறுக்கினேன்.
இரண்டாவது. அதே நொண்டல், கை கீழே.
மூன்றாவதைத் தளர்த்தினேன்.
எஞ்சின் அதைப் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை.
எனக்கு எதுவும் மாறவில்லை.
ஆனால் புகைக்கு அந்தப் பக்கம்
ஒரு வெள்ளைக் கை உயர்ந்தது.

அதைக் கழற்றித் துணியில் சுற்றி
கம்பத்துக்கு பஸ் ஏறினேன்.
சிக்கந்தர் தன் பம்ப் கடையில் அழுத்திக் காட்டினார்:
சாரலாய் வரவேண்டியது
தூங்கும் பிள்ளை வாயில் எச்சிலாய் ஒழுகியது.
நாஸில் புதிது வாங்கினேன்.
செம்பு வாஷரைப் பழையதையே அடுப்பில் காய்ச்சிப் போடலாமா என்று யோசித்து,
வெட்கப்பட்டு, அதையும் புதிதாக வாங்கினேன்.

மாட்டினேன். குமிழி நிற்கும் வரை
கைப்பம்ப்பை அமுக்கினேன்.
சாவியைத் திருப்பினேன்.

அவள் கண்ணை மூடிக்கொண்டு ரொம்ப நேரம் நின்றாள்.
எனக்கு முன்னும் பின்னும் ஒரே வண்டி.
அவள் "ம்" என்ற பிறகுதான்
அது சரியானது.

திங்கள் விடியலில், செக்போஸ்ட்டில்
காகிதம் எடுக்க டேஷ்போர்டைத் திறந்தேன்.
எல்லாவற்றுக்கும் மேலே இருந்தது அந்தக் கோட்டுத் தாள்,
நான் மடிக்காத மடிப்பில்.

"இப்பத் தட்டலண்ணே" என்றாள் காமுத்தாய்.
கண்ணாடியைப் பார்த்துச் சொன்னேன்:
"எனக்கு அதெல்லாம் கேக்காது தாயி.
இனி எது கேட்டாலும் நீங்கதான் சொல்லணும்."

கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.
அப்புறம் பதினோரு பேரும் சேர்ந்து ஆரம்பித்தார்கள்.
பின்கதவு முனகுதாம்,
வளைவில் பிரேக் அழுகுதாம்,
ஹாரனுக்குத் தொண்டை கட்டியிருக்காம்.
கடைசி சீட்டிலிருந்து ஒரு குரல்:
"மூணாம் கியர்ல நீங்க பாடுறீங்க,
அதையும் கொஞ்சம் என்னன்னு பாருங்க."