நாற்பத்தி மூவாயிரம்

கஸ்டம்ஸ் வரியோடு நாற்பத்தி மூவாயிரம்.
வீட்டில் ஏழு என்று சொல்லியிருக்கிறேன்.
அதற்கே ரேணுகா
இரண்டு நாள் பேசவில்லை.

பாலாற்றுப் பாலத்துக்குக் கீழே
மணலில் நின்று வீசிப் பழகுகிறேன்.
முள் கிடையாது, நுனியில்
ஒரு துண்டு சிவப்பு நூல்.
மேலே காட்பாடி பஸ்ஸிலிருந்து ஒருத்தன்:
"மாட்டிச்சா சார்?"

பழைய ஆயிரத்து இருநூறு ரூபாய்த் தூண்டிலையும்
கொண்டுவந்தேன், ஒப்பிட.
அது முப்பதடியில் தொய்ந்தது.
இதுவும், உண்மையைச் சொன்னால்,
பெரும்பாலும் முப்பதடிதான்.
மிச்சம் என் தோள் செய்ய வேண்டியது,
தோள் எந்தக் கடையிலும் இல்லை.

காவேரிப்பாக்கம் ஏரிக் கெண்டையிடம்
பில்லையா காட்ட முடியும்?

ஆனால் நேற்று, ஆறேகால் இருக்கும்,
பின்னால் போன நரம்பு
முழுசாக நீண்டு,
ஒரு கணம் யோசித்து,
முன்னால் வந்து
நான் பார்த்துவைத்த அதே கருவேலங்காய் மேல்
பூப்போலப் படுத்தது.
தண்ணீர் இருந்திருந்தால்
ஒரு வளையம்கூட எழுந்திருக்காது.

அந்த ஒரு வீச்சுக்கு மட்டும்
என்ன விலை போடலாம் என்று
செருப்பில் மணலைத் தட்டியபடி நின்றேன்.

ரேணுகாவிடம் இன்றைக்கு
பன்னிரண்டு என்று ஆரம்பிக்கலாம்.